ஒரிஜெனின் ‘செல்சுசுக்கு மறுப்பு’: எதிர்வாதியின் சொல்லும் விடையின் தரமும்

கிறித்தவ நம்பிக்கையை அறிவுநெறி நின்று காத்துரைத்தலைக் கிரேக்கத்தில் ‘அப்பொலோகியா’ என்பர். நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் பக்கத்தை எடுத்துரைப்பதற்கு வழங்கிய சொல் அது. பேதுருவின் முதல் திருமுகம் மூன்றாம் அதிகாரத்தில் இச்சொல் வருமிடத்தைத் தமிழ்ப் பழைய திருப்புதல் ‘உத்தரவு’ எனப் பெயர்த்துள்ளது. இன்று ஆணை, இசைவு என்னும் பொருள்களில் வழங்கும் அச்சொல் அங்கு ‘விடை’ என்னும் பொருளது. விடை என ஒன்று இருப்பின் வினவியவர் ஒருவர் இருத்தல் வேண்டும். அவர் வினவியது இன்னதென்பதும் தெரிதல் வேண்டும். சமய மறுப்பு நூல்கள் பலவற்றில் முதலில் காணாமற்போவது எதிர்வாதியின் வினாவேயாகும். அவ்வினாவை இழக்காமல் விடை கூற முயன்ற நூல் என்ற வகையில் ஒரிஜெனின் ‘செல்சுசுக்கு மறுப்பு’ தனிக் கவனத்திற்குரியது.

செல்சுஸ் என்னும் கிரேக்கச் சிந்தனையாளர் கி.பி. 178 அளவில் ‘மெய்யுரை’ என்னும் நூலை இயற்றிக் கிறித்தவத்தைக் கடுமையாகத் தாக்கினார். அலெக்சாந்திரியாவில் பிறந்து பாலஸ்தீனத்தின் செசரியாவில் குடியேறிய ஒரிஜென் ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்குப் பின், 248 அளவில், எட்டுப் பகுதிகளில் அதற்கு மறுப்பு எழுதினார். எதிர்வாதி அப்போது உயிருடன் இல்லை. மறுப்பு வேண்டும் என்று கேட்டவர் ஒரிஜெனின் புரவலரான அம்புரோஸ். இப்பணியில் ஒரிஜென் விரும்பி இறங்கியதாகத் தெரியவில்லை. பொய்ச்சான்று கூறியோர் முன் இயேசு வாய் திறவாமல் இருந்ததை முன்னுரையின் தொடக்கத்திலேயே சுட்டி, வாழ்வே போதிய விடை என்னும் கருத்தை அவர் முன்வைக்கிறார். உறுதியான நம்பிக்கை உடையோருக்காக இந்நூல் எழுதப்படவில்லை. நம்பிக்கையை அறியாதோருக்கும் அதில் தளர்ந்தோருக்குமே எழுதப்படுகிறது என்றும் வரையறுக்கிறார். தம் கூட்டத்தாரின் கைதட்டலை நாடாத இவ்வரையறை நூலின் நடையைப் பெரிதும் தீர்மானித்துள்ளது.

செல்சுசின் நூல் இன்று தனியே கிடைக்கவில்லை. அதன் பெரும்பகுதி, தொடர் தொடராக, ஒரிஜெனின் மேற்கோள்களில்தான் வாழ்கிறது. மறுக்க எழுந்த நூலே மறுக்கப்பட்ட நூலுக்குப் புகலிடமாவது தமிழ் ஆய்வாளர்க்குப் புதிதன்று. குண்டலகேசி பற்றி இன்று அறியவருவனவற்றுள் ஒரு பகுதியைத் தருவது, அதை மறுக்க எழுந்த நீலகேசியின் உரையே. சிவஞான சித்தியார் பரபக்கமும் பிறர் கொள்கையை முன் கூறிப் பின் மறுக்கிறது. எனினும் அங்குப் பிறர் கொள்கை அருணந்தி சிவாசாரியாரின் யாப்பில், அவர் சொல்லிலேயே அமைகிறது. ஒரிஜெனோ எதிர்வாதியின் சொற்களையே எடுத்துவைக்கிறார். இதனால் நூல் நீண்டது. கூறியது கூறலும் மிகுந்தது. தலைப்புகளைக் குறித்துச் சுருக்கமாக விடையளித்துப் பின் விரித்தெழுதுவதே தம் முதல் திட்டம் என்றும், இடையில் அதை மாற்றியதாகவும் அவரே முன்னுரையில் கூறுகிறார். அந்தத் தையல் நூலில் தெரியவே செய்கிறது. ஆயினும் விடை பொருந்துகிறதா என்பதைப் படிப்பவர் தாமே அளந்து பார்க்க இடமளிப்பது இம்முறையே.

அவ்வாறு அளக்கும்போது மிகச் சிறந்து நிற்பது நம்பிக்கைக்கும் ஆய்வுக்கும் உள்ள தொடர்பு பற்றிய பகுதி (1:9-11). கிறித்தவர் காரணம் கேட்கவும் கூறவும் மறுத்து, ஆராயாமல் நம்பு என்கின்றனர் என்பது செல்சுசின் குற்றச்சாட்டு. அதனை ஒரிஜென் அடியோடு மறுக்கவில்லை. எல்லா மனிதரும் உலகியல் அலுவல்களைத் துறந்து மெய்யியல் பயில முடியுமாயின் வேறு வழியே வேண்டா என ஒப்புக்கொள்கிறார். ஓய்வற்ற பெருந்திரளான மக்களுக்கு வேறு எவ்வழி உண்டு என்பதே அவர் திருப்பிக் கேட்பது. அடுத்த அடி இன்னும் கூர்மையானது. மெய்யியல் மாணவன் எல்லாப் பள்ளிகளின் வாதங்களையும் கேட்டு முடித்தபின் ஒரு பள்ளியைத் தேர்வதில்லை. அதுவே மேலானது என்னும் ஒரு நம்பிக்கையால்தான் சேர்கிறான். கடற்பயணம், திருமணம், விதைப்பு ஆகிய யாவும் நன்மை விளையும் என்ற நம்பிக்கையில் தொடங்குகின்றன. இந்த விடை கிறித்தவ நம்பிக்கை மெய் என நிறுவவில்லை, நிறுவியதாகக் கூறவுமில்லை. நம்புவோர் அனைவரும் அறிவிலிகள் என்னும் முடிவுக்கு மட்டும் தடை போடுகிறது. வாதத்தின் எல்லையை அறிந்து அங்கேயே நிற்பது சமய மறுப்புகளில் அரிது.

உயிர்த்தெழுந்த இயேசு தம்மைத் தண்டித்த நடுவருக்கும் எல்லா மக்களுக்கும் ஏன் தோன்றவில்லை என்ற வினாவையும் (2:63) எளிதில் ஒதுக்கத்தக்கதன்று என அவர் ஏற்கிறார். காணும் ஆற்றல் எல்லாருக்கும் ஒன்றன்று. உருமாற்றக் காட்சிக்கும் மூவரையே இயேசு மலைக்கு அழைத்துச் சென்றார் என்பது அவர் தரும் விளக்கம். செல்சுசின் பக்கம் நிற்பவரை இது நிறைவு செய்யாது. வினாவின் கனத்தைக் குறைக்காமல் விட்டதே இப்பகுதியின் பெருமை.

ஒரிஜென் சறுக்கும் இடங்கள் வேறு. செல்சுசை எப்பிக்கூரியர் என்று முதற்பகுதியிலேயே முத்திரையிடுகிறார். ஆனால் மேற்கோள்களில் பேசுபவரோ பெரும்பாலும் பிளேட்டோவின் வழியினர். நான்காம் பகுதிக்கு வரும்போது முரண்பாடு ஒரிஜெனுக்கே உறுத்துகிறது: இவர் தம் கொள்கையை மறைக்கிறாரா, மனம் மாறினாரா, அன்றி அதே பெயருடைய வேறொருவரா என ஐயுறுகிறார் (4:54). கருத்தை விட்டு ஆளுக்குப் பெயர் சூட்டியதன் விலை அது. கம்பளி நெய்வோரும் செருப்புத் தைப்போரும் துணி வெளுப்போரும் வீடுகளுக்குள் பெண்டிர்க்கும் பிள்ளைகட்கும் போதிக்கின்றனர் என்ற ஏளனத்திற்கு (3:55) அவர் தரும் விடையும் முழுமையன்று. எந்த நல்லாசிரியரிடமிருந்து பிள்ளைகள் பிரிக்கப்படுகின்றனர் எனக் காட்டுமாறு கேட்பது நியாயமே. ஆனால் இவ்வாதத்தின் பெரும்பகுதி, தம்மவரிலும் கற்றோர் உண்டு என்று காட்டுவதிலேயே செலவாகிறது. ஏளனத்தின் அடியில் கிடக்கும் தொழில் இழிவு தொடப்படவில்லை. சீடர்கள் நாவன்மை பயின்றிருப்பின் சொல்வித்தையால் வென்றனர் என்ற ஐயம் எழுந்திருக்கும் என்று வேறோர் இடத்தில் (1:62) அவரே மீனவரின் கல்லாமையை வலிமையாகக் கொண்டவர். அந்த வாதத்தை இங்கு நீட்டியிருக்கலாம், நீட்டவில்லை.

இவ்விடைகள் அமைதிக்காலத்து அறையில் எழுந்தவை போலத் தோன்றலாம். ஒரிஜெனின் தந்தை 202ஆம் ஆண்டு துன்புறுத்தலில் உயிரிழந்தவர். நூல் முடிந்த சில ஆண்டுகளுக்குள், பேரரசன் தெக்கியுவின் ஆட்சியில், ஒரிஜெனும் சிறையில் வதைக்கப்பட்டார். குற்றக்கூண்டின் நிழலில் இருந்தவர், எதிர்வாதியின் சொல்லைச் சிதைக்காமல் முன்வைத்தார் என்பதை இந்நூலை மதிப்பிடுவோர் கணக்கிற்கொள்ள வேண்டும்.

எட்டாம் பகுதியின் இறுதியில் (8:76), எவ்வாறு வாழ்வது என்பது பற்றிச் செல்சுஸ் வேறொரு நூல் எழுதுவதாகக் கூறியிருந்ததை ஒரிஜென் நினைவூட்டுகிறார். அது எழுதப்பட்டிருந்தால் தேடி அனுப்புமாறு அம்புரோசைக் கேட்கிறார். அதிலுள்ள பொய்யை மறுக்கவும், மெய் உளதாயின் காழ்ப்பின்றி அதற்குச் சான்று பகரவும்.