ஸ்டீயரிங் பாக்ஸ் மாற்றும் கை

பழைய காரின் ஸ்டீயரிங் பாக்ஸ், எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அப்பிய இரும்புக் கட்டியாக பானெட்டுக்குள் ஓரமாக இருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைத்தால், வார்ப்பில் எழும்பிய எண்கள் ஒவ்வொன்றாகத் தெளியும். அந்த எண்கள், போல்ட் துளைகளின் இடைவெளி, தண்டின் பற்கள் மூன்றும் பொருந்தினால்தான் மாற்றுப் பெட்டி சரியான ஜோடி. பழைய பெட்டியின் தேய்மானத்தை முதலில் உணர்வது கைதான்: ஸ்டீயரிங் இரண்டு விரல் தூரம் வெறுமனே நகரும், அதன் பிறகே கீழே, பெட்டியின் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்தும் டிராப் ஆர்ம் மெல்ல அசையும்.

கழற்றும் முன் ஆர்மிலும் அது பூட்டிய தண்டிலும் பஞ்ச் உளியால் ஒரு புள்ளி வைப்பது நல்ல மெக்கானிக்கின் வழக்கம். ஆர்மைச் சுத்தியலால் அடித்தால் உள்ளிருக்கும் பேரிங் பாழாகலாம். புல்லர் எனும் இழுகருவியை மாட்டிக் கால் சுற்றாக இறுக்கிக் காத்திருந்தால் ‘டங்’கென்று தானே விடும். புதிய பெட்டியின் ஸ்டீயரிங் பக்கத் தண்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எண்ணிச் சுற்றி, பாதி திருப்பினால் நடு கிடைக்கும். சக்கரங்கள் நேராக நிற்கும்போது அந்த நடுவில் ஆர்மைப் பூட்டி, ஆயில் நிரப்ப வேண்டும். வேலை சுத்தமாக இருந்தால், வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் உள்ளங்கைக்குள் வழுக்கியபடி தானே நேராகும்.