பணிவும் குனிவும்

நம் எழுத்தைப் பற்றிப் பேச வருகிற விமர்சகர்கள் ஒரு குறை சொல்லாமல் எழுந்து போவதில்லை. 'கோபம் நியாயம்தான், கொஞ்சம் அடக்கம் வேணும்' என்பார்கள். யாரிடம் யார் அடக்கம் கேட்பது? இந்த வார்த்தையைக் கொஞ்சம் உரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1992ல் வந்த பாமாவின் 'கருக்கு'. பள்ளிக்கூடம் விட்டு வருகிற சிறுமி, தெருப் பெரியவர் ஒருவரைப் பார்க்கிறாள். அவர் பலகாரப் பொட்டலத்தைக் கையில் படாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கி வந்து, நாயக்கர் முன்னால் குனிந்து நீட்டுகிறார். அவளுக்குச் சிரிப்பு வருகிறது. அண்ணன் காரணம் சொன்னதும் சிரிப்பு ஆத்திரமாகிறது. அந்தப் பெரியவரை ஊர்த்தெரு எப்படிச் சொல்லும்? 'பணிவான மனுசன்' என்றுதான். பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்துக் கொண்டுவந்திருந்தால் 'திமிர் புடிச்சவன்'. ஆக, அந்தப் பணிவு அவருடைய குணமே இல்லை, கயிற்றுக்கு ஊர் வைத்த பேர். இதையெல்லாம் பேச்சுமொழியில் எழுதினதுக்கே முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அதுவும் அடக்கமில்லாததுதானே!

குறளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வரட்டும். 'அடக்கமுடைமை'யில் வள்ளுவர், பணிவு எல்லாருக்கும் நல்லது, பணக்காரனுக்கு இன்னும் விசேஷம் என்கிறார். 'மானம்' என்கிற 97வது அதிகாரத்திலோ, வாழ்வு பெருகும்போது பணிந்து போ, சுருங்கும்போது நிமிர்ந்து நில் என்று பிரித்தே சொல்கிறார். பின்பாதியை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. எங்கள் பக்கம் அப்படியே தலைகீழ். இருக்கிறவன் நிமிர்கிறான், இல்லாதவனுக்குப் பணிவு பாடம் நடக்கிறது.

கோயிலிலும் இதே கதை. ஆம்பூர், பேரணாம்பட்டுச் சேரிகளில் வேதம் வாசிக்கிற குடும்பங்கள் நிறைய. தாழ்மையைப் பற்றிப் பிரசங்கம் என்றால் பிலிப்பியர் நிருபம் 2ஆம் அதிகாரம். அங்கே தாழ்கிறவர் தேவரூபமாய் இருந்தவர். மேலே இருந்தவர் தானாக இறங்கினார், சரி. கீழேயே வைக்கப்பட்டவன் இன்னும் எங்கே இறங்குவது? இலக்கணமும் இதைத்தான் சொல்கிறது. தாழ்தல் தன்வினை, தாழ்த்துதல் பிறவினை, தாழ்த்தப்படுதல் செயப்பாட்டுவினை. 'தாழ்த்தப்பட்டவன்' என்று அரசாங்கமே எழுதுகிறது. அவனிடமே போய்த் தாழ்மையைக் கேட்டால், செய்தவனை மறைத்துவிட்டுச் செயலைப் பட்டவன் கணக்கில் எழுதுகிறோம் என்று அர்த்தம்.

'பணி' என்றால் வணங்கு, 'பணி' என்றால் வேலை. தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒன்று. சுண்ணாம்புக் குழியில் குனிந்து தோலை இழுக்கணும், மெஷின் வருவதற்கு முன்னால் பலகை மேல் போட்டு சவ்வைக் கத்தியால் செதுக்கினதும் குனிந்துதான். முதுகு அப்படியே நின்றுபோன பெருசுகளை எங்கள் ஊரில் பார்க்கலாம். அவர்களை யாரும் பணிவானவர்கள் என்று சொல்லட்டும், பார்ப்போம்.

2008 மறுசீரமைப்புக்கு முன்னால் பேரணாம்பட்டு தனித்தொகுதி. அப்போதும் வேட்பாளரைப் பற்றி டீக்கடையில் முதல் பேச்சு, 'நல்ல பையன்பா, பணிவா கீறான்' என்பதுதான். என்ன படித்திருக்கிறான், சட்டசபையில் என்ன கேட்பான் என்பதெல்லாம் அப்புறம். பொதுத்தொகுதி ஆளுக்கு இந்தப் பரீட்சை உண்டா?

1893ல் இரட்டைமலை சீனிவாசன் பத்திரிகை ஆரம்பித்தபோது 'பறையன்' என்றே பேர் வைத்தார். நம்மவர்களிலேயே சிலருக்கு அது பிடிக்கவில்லை. குனியச் சொல்லி எறிந்த வார்த்தையை எடுத்து அட்டையில் போட்டுக்கொண்டவரை அடக்கம் இல்லாதவர் என்றால் நான் ஒத்துக்கொள்வேன். அந்த அடக்கமின்மையில்தான் நம் எழுத்து தொடங்குகிறது.

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவர் இப்போதும் 'தாழ்மையுடன்' என்றுதான் ஆரம்பிக்கிறார். சாதிச் சான்றிதழ் சட்டப்படி வரவேண்டியது, அதுக்கு எதுக்குத் தாழ்மை, 'கேட்கிறேன்'னு மட்டும் எழுதுங்க என்று சொல்லிப் பார்த்தேன்.

"எழுதிடலாம் சார். உள்ள இருக்கறவரு படிக்கணுமே" என்றார்.