மவுண்ட் பலவீனமா, கணக்கு பலவீனமா?

பழைய பி.எம்.டபிள்யூ 3 சீரீஸ் வைத்திருப்பவர்கள் நடுவே ஒரு தீர்ப்பு ரொம்ப வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. "பின்பக்க ஷாக் மவுண்ட் வீக். நல்ல ஷாக்கும் லோயரிங் ஸ்பிரிங்கும் போட்டால் அது உடையும். அதனால் கையோடு அதையும் ஸ்ட்ராங்கான மவுண்டா மாத்திடுங்க." பாகம் விற்பவரும் இதைத்தான் சொல்கிறார், மெக்கானிக்கும் இதைத்தான் சொல்கிறார்.

இதில் பாதி உண்மை. அந்த மவுண்ட் உடைவது உண்மை, நிறைய பேருக்கு உடைந்திருக்கிறது. ஆனால் "வீக், அதனால் ஸ்ட்ராங்கா மாத்து" என்கிற முடிவு இருக்கிறதே, அதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. நான் மெக்கானிக்கல் ஆள் இல்லை, பிழைப்பு சாப்ட்வேர். ஆனால் ஒரு சர்வர் திணறினால் அதை மட்டும் பெரிதாக்கிவிட்டு, அதற்குள் வரும் சுமை ஏன் கூடியது என்று பார்க்காமல் போனால் என்ன ஆகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். இங்கேயும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

அந்த மவுண்டின் வேலை என்ன?

நான் பேசுவது ஈ36, ஈ46 என்ற இரண்டு தலைமுறைகளைப் பற்றி. ஈ36 வந்தது 1990-ல். ஈ46-ன் கடைசி வண்டிகள் 2006-ல் வந்தன. இரண்டிலும் பின்பக்க அமைப்பு (ஈ36 காம்பேக்ட் மட்டும் விதிவிலக்கு) 1989-ல் வந்த இசட்1 என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரில் முதலில் வந்த அமைப்பின் வாரிசு.

முன்பக்கத்தில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக இருக்கும். பின்பக்கம் அப்படி இல்லை, இரண்டும் தனித்தனி. ஸ்பிரிங் வண்டிக்கு அடியில் கொஞ்சம் உள்தள்ளி, சஸ்பென்ஷன் கையின் மேல் உட்கார்ந்து, பாடியில் தனக்கென்று உள்ள இடத்தைத் தாங்குகிறது. ஷாக், சக்கரத்துக்குக் கிட்டே தனியாக நிற்கிறது. அதன் மேல் நுனி பாடியோடு சேரும் இடத்தில்தான் நம்ம மவுண்ட்: உள்ளங்கை அளவு உலோகத் துண்டு, நடுவில் ரப்பர், பாடியோடு பிடிக்க இரண்டு நட்டு. அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வண்டி சும்மா நிற்கும்போது இந்த மவுண்டில் வண்டியின் எடை இல்லை. எடையை ஸ்பிரிங் தாங்குகிறது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது ஷாக் தள்ளுவதையும் இழுப்பதையும் மட்டும்தான் மவுண்ட் தாங்கியாக வேண்டும்.

மூன்றாவதாக ஒரு வேலையும் உண்டு, அது அபூர்வமாக வருவது. ஷாக்கின் தண்டில் பம்ப் ஸ்டாப் என்று ஒரு நுரை போன்ற துண்டு இருக்கும். பெரிய பள்ளத்தில் விழுந்து சக்கரம் முழுக்க மேலே வந்துவிட்டால், ஷாக்கின் உடம்பு அந்த நுரையில் போய் இடிக்கும். அந்த இடி நேராக மவுண்டுக்குப் போகும், அங்கிருந்து பாடித் தகட்டுக்கு. தொழிற்சாலை உயரத்தில் இருக்கும் வண்டியில் இது எப்போதாவதுதான் நடக்கும். மவுண்டை வடிவமைத்தவர்கள் அந்த "எப்போதாவது" என்பதை நம்பித்தான் அளவு போட்டிருப்பார்கள் என்பது என் வாசிப்பு.

உயரத்தைக் குறைத்தால்?

இப்போது கணக்குக்கு வருவோம். கீழே வரும் எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை, எந்த வண்டியிலும் அளந்தவை அல்ல.

நிற்கிற நிலையிலிருந்து பம்ப் ஸ்டாப்பைத் தொடும் வரை சக்கரத்துக்கு 75 மி.மீ. இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லோயரிங் ஸ்பிரிங் போட்டு வண்டியை 40 மி.மீ. இறக்கியாயிற்று. மீதி இடம் 35 மி.மீ.

நிற்கிற நிலைக்கு மேல் ஒரு ஸ்பிரிங் உள்வாங்கும் சக்தி, அதன் கடினத்தால் கூடும். ஆனால் தூரத்தின் வர்க்கத்தால் கூடும். பத்தாம் வகுப்பு தாண்டினால் எல்லோரும் படித்த சூத்திரம்தான். 75-ஐ 35-ஆல் வகுத்தால் 2.14, அதன் வர்க்கம் சுமார் 4.6. அதாவது, முன்பு வாங்கிய அதே அடியை பம்ப் ஸ்டாப்பைத் தொடாமல் வாங்க வேண்டும் என்றால் புது ஸ்பிரிங் பழசைவிட 4.6 மடங்கு கடினமாக இருக்க வேண்டும்.

தெருவில் ஓட்டும் வண்டிக்கு அப்படி ஒரு ஸ்பிரிங்கை யாரும் விற்பதில்லை. விற்றாலும் உட்கார்ந்து ஓட்ட முடியாது. வழக்கமான லோயரிங் ஸ்பிரிங் கொஞ்சம்தான் கடினமாக இருக்கும். அப்போ மீதிச் சக்தி எங்கே போகும்? கொஞ்சம் ஷாக் தின்னும். மிச்சமெல்லாம் பம்ப் ஸ்டாப் வழியாக மவுண்டுக்கு.

அது எவ்வளவு பெரிய அடி? பின்சக்கரம் ஒன்றின் பங்கு 350 கிலோ என்று வைப்போம். அது நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் இறங்கும்போது பம்ப் ஸ்டாப் தொடுகிறது. இயக்கச் சக்தி சுமார் 44 ஜூல். நுரை 20 மி.மீ. நசுங்கி இதை நிறுத்தினால் சராசரி விசை சுமார் 2,200 நியூட்டன். 5 மி.மீ.க்குள் நிறுத்தினால் 8,800 நியூட்டன், ஏறக்குறைய 900 கிலோ எடைக்குச் சமம். உச்ச விசை இதைவிடக் கூடும். நிற்கும்போது வண்டியின் எடையே இல்லாத இடத்தில் இவ்வளவு!

பம்ப் ஸ்டாப்பைப் பாதியாக வெட்டிப் போடுவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இடம் பத்தவில்லை என்று சிலர் வெட்டுகிறார்கள், "ஃப்ரீயா வேலை செய்யும்" என்று. மேலே உள்ள கணக்கில் 20 மி.மீ.யை 5 மி.மீ. ஆக்குவது இந்த வேலைதான். சில ஷாக் வகைகளுக்குத் தயாரிப்பாளரே எவ்வளவு வெட்டலாம் என்று சொல்லியிருப்பார், அது வேறு. கண்ணளவில் வெட்டுவது வேறு.

எதிர்த்தரப்பு வாதம்

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். எதையுமே மாற்றாத வண்டிகளிலும் இந்த மவுண்ட் போகிறது. ரப்பருக்கு வயசாகும், வெடிக்கும், உலோகத்திலிருந்து பிரியும். டிக்கியில் எதோ உருள்வது மாதிரி "டொக் டொக்" என்று கேட்கும். போதாததற்கு, ஈ46 கன்வெர்டிபிள் மாதிரி மேல்கூரை இல்லாத வண்டிகளுக்கு, அந்த இடத்தில் வைக்கிற ஒரு பலப்படுத்தும் தகட்டை பி.எம்.டபிள்யூவே பாகமாக வைத்திருக்கிறது. சாதாரண வண்டிக்காரர்கள் அதையே வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். "பாருங்க, கம்பெனிக்கே தெரிஞ்சிருக்கு" என்பது இவர்கள் வாதம்.

ஒப்புக்கொள்கிறேன். அந்த மவுண்டில் தாராளம் கிடையாது. ஆனால் மாற்றாத வண்டியில் அது தேய்ந்து போவது பல வருஷ ஓட்டத்துக்குப் பிறகு, பிரேக் பேட் மாதிரி. புது ஷாக், புது ஸ்பிரிங் போட்டுக் கொஞ்ச நாளில் போகிறது என்றால் அது வேறு கேள்வி. பாகம் அதேதான். அதன் மேல் வந்து விழும் வேலை மாறிவிட்டது.

தீர்வுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

முதல் வகை, இன்னும் கெட்டியான ரப்பர் போட்ட மவுண்ட். தெரு வண்டிக்கு இது பரவாயில்லை. ரப்பர் இருப்பதால் திடீர் அடியின் கூர்மை குறையும், சத்தமும் உள்ளே வராது. ஆனால் பம்ப் ஸ்டாப் தினமும் இடிக்கிற வண்டியில் இதுவும் போகும், கொஞ்சம் தாமதமாக.

இரண்டாவது வகை, பாலியூரிதேன் அல்லது பால் ஜாயிண்ட் போட்ட முழு உலோக மவுண்ட். "இது உடையவே உடையாது" என்று விற்கிறார்கள். சரி, உடையாதுதான். அப்போ அடுத்து உடைவது எது? மவுண்டுக்கு அடுத்து இருப்பது பாடித் தகடு. வீட்டில் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று அதில் ஆணியைச் சொருகினால், அதற்கப்புறம் ஃபியூஸ் போகாது. வயர்தான் எரியும்.

தகட்டில் விரிசல் எப்படி வருகிறது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. எஃகு வெல்டிங் இணைப்புகளின் களைப்பு ஆயுளுக்குப் பொறியாளர்கள் போடும் வழக்கமான கணக்கில், ஆயுள் தகைவின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதம். தகைவு இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்கு. கார் பாடியின் மெல்லிய தகட்டுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது, ஆனால் திசை இதுதான். அடி கொஞ்சம் கூடினாலே ஆயுள் நிறையக் குறையும். தேய்ந்த ரப்பரை மாற்ற ஒரு மதியம் போதும். கிழிந்த தகட்டை ஒட்ட வெல்டிங், துருத் தடுப்பு, பெயிண்ட் எல்லாம் வேண்டும், அதுவும் 20, 30 வயசான வண்டியில்.

மூன்றாவது, மேலே சொன்ன பலப்படுத்தும் தகடு. இதை நான் ஆதரிக்கிறேன். விசையைக் குறைக்காது, ஆனால் இரண்டு நட்டுக்கு அடியில் குவியும் விசையைப் பரப்பிக் கொடுக்கும். விலையோடு ஒப்பிட்டால் இதைவிட உருப்படியான பாகம் இந்த விஷயத்தில் வேறு இல்லை என்பேன். ஆனால் ஏற்கெனவே விரிசல் விட்ட இடத்தை மூடி மறைக்க இதைப் போடுவது ஏமாற்று வேலை.

நான்காவதுதான் எனக்குக் கவலை தருவது: பின்பக்கத்தில் ஸ்பிரிங்கை அதன் இடத்திலிருந்து எடுத்துவிட்டு, ஷாக்கின் மேலேயே சுற்றிப் போடுவது. "ட்ரூ காயிலோவர்" என்று பெயர். பின்பக்கம் ஸ்பிரிங்கைத் தனியாகவே வைத்திருக்கும் காயிலோவர் செட்டுகளும் உண்டு, அவற்றைச் சொல்லவில்லை. ட்ரூ வகையில் என்ன நடக்கிறது? வண்டி சும்மா நிற்கும்போதே, சக்கரத்தின் எடையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஒரு பக்கத்துக்கு 300 கிலோ போல, எடையே வராத ஒரு தகட்டில் போய் உட்காருகிறது. ஓடும்போது அதற்கு மேல். ரேஸ் வண்டியில் இது சரி. அங்கே உள்ளே கூண்டு கட்டி, ஷாக் டவரை அதோடு சேர்த்து வெல்டு பண்ணி, ஒவ்வொரு ரேஸுக்குப் பிறகும் திறந்து பார்க்கிறார்கள். பலப்படுத்தாத தெரு வண்டியில் இதைப் போடச் சொல்பவர் எதன் மேல் நம்பிக்கை வைத்துச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

அப்கிரேட் என்ற சொல்

என் விமர்சனம் இங்கேதான் வந்து நிற்கிறது. "அப்கிரேட்" என்ற சொல் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகத் தரம் பிரிக்கிறது. இந்த ஸ்பிரிங் நல்லது, இந்த ஷாக் அதைவிட நல்லது, இந்த மவுண்ட் ஸ்ட்ராங். ஆனால் சஸ்பென்ஷனில் விசை ஒரு பாகத்தோடு நிற்பதில்லை. ஒன்றிலிருந்து அடுத்ததுக்குப் போய், கடைசியில் பாடியில்தான் முடிகிறது. ஸ்பிரிங்கை மாற்றியவர் மவுண்டின் வேலையையும் சேர்த்தே மாற்றுகிறார், அவருக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.

இந்த வண்டிகளை இன்றைக்கு வாங்குபவர்கள் பலரும் கையில் கொஞ்சம் பணத்தோடு, நிறைய ஆசையோடு வருகிற சின்ன வயசுக்காரர்கள். மவுண்ட் கிழிந்து ஷாக்கின் மேல் நுனி விடுபட்டால் அந்தச் சக்கரத்துக்கு அடக்கமே இருக்காது. ஈரமான வளைவில் பின்சக்கர டிரைவ் வண்டியில் அது நடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் இதை வெறும் பாகச் சண்டையாக விட மனசில்லை.

அப்போ என்னதான் செய்யலாம்?

ஷாக் மாற்றும்போது மவுண்டையும் சேர்த்து மாற்றுங்கள், பூட்டு நட்டுகளையும் புதுசாகப் போடுங்கள். மேல் நட்டுகளுக்குக் கொடுக்க வேண்டிய முறுக்கு குறைவு, இம்பேக்ட் கன் வேண்டாம், டார்க் ரெஞ்ச் போதும். ஷாக்கின் கீழ் போல்ட்டை வண்டி சக்கரத்தில் நிற்கும் உயரத்தில்தான் கடைசியாக இறுக்க வேண்டும், இல்லையென்றால் அங்குள்ள ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருக்கும். தகட்டைப் போடுங்கள். போடுவதற்கு முன்னால் டிக்கியின் உள் லைனிங்கைக் கழற்றி, நட்டைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

வண்டியை இறக்கியே ஆக வேண்டும் என்றால் அதற்கென்று உடம்பு குட்டையாகச் செய்த ஷாக் வாங்குங்கள். இழந்த தூரத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். 40-க்குப் பதில் 20 மி.மீ. இறக்கினால் மேலே போட்ட 4.6 மடங்கு கணக்கு 1.9 ஆகிறது. நீங்களே போட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு சோதனை, செலவு சில ரூபாய். ஷாக் தண்டின் தூசி உறையைத் தூக்கிவிட்டு, தண்டில் ஒரு கேபிள் டை மாட்டி, ஷாக்கின் உடம்பை ஒட்டி இறக்கி விடுங்கள். தினமும் போகிற சாலையில் ஒரு வாரம் ஓட்டுங்கள். ஷாக்கின் உடம்பு அந்த டையைத் தண்டின் மேலே தள்ளிக்கொண்டு போயிருக்கும். டைக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே இடம் மீதி இருந்தால் நிம்மதி. டை போய் பம்ப் ஸ்டாப்பை முட்டிக்கொண்டு நின்றால், எந்த மவுண்டை வாங்குவது என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு வண்டியின் உயரத்தைப் பற்றி யோசியுங்கள்.

கணக்கில் எங்கேயாவது சறுக்கல் தெரிந்தால் சொல்லுங்க, திருத்திடலாம்.