பேய்களுக்கு ஒரு வேலை

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து, ஒருவர் நடத்துநராகக் கதையைக் கொண்டுசெல்ல, மற்றவர்கள் தத்தமக்கென ஒரு வீரனையோ மந்திரவாதியையோ திருடனையோ ஏற்று, பேச்சாலும் பகடை உருட்டலாலும் அக்கதையை வளர்க்கும் பாத்திர விளையாட்டு, 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டஞ்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ மூலம் அச்சுக்கு வந்தது. அதன் நிழலிலேயே வளர்ந்த தனியொரு நூல்வகை பூதத் தொகுப்பு ஆகும். கைகாக்ஸ் 1977இல் தொகுத்த ‘மான்ஸ்டர் மானுவல்’ 350க்கும் மேற்பட்ட பூதங்களையும் விலங்குகளையும் அகரவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றும் எத்தனை அடி தாங்கும் என்பதைக் காட்டும் உயிர்ப்புள்ளியையும், அதைத் தாக்குவது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் கவச எண்ணையும், அது காக்கும் புதையலின் அளவையும் தந்தது. அதன்பின் வந்த தொகுப்புகள் பல அலுமாரிகளை நிரப்பிவிட்ட நிலையில், இன்னும் ஒன்றை வாங்குபவர் அதில் எதை எதிர்பார்க்கலாம் என்ற கேள்வி நியாயமானதே.

எண்களை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஓரளவு பழகிய நடத்துநர் எவரும், ஒரு கரடிக்குரிய எண்களை எடுத்துச் சற்றுக் கூட்டிக் குறைத்து, எந்தப் புதுப் பூதத்துக்கும் அரை நிமிடத்தில் பொருத்திவிடுவார். பாட்ரிக் ஸ்டூவர்ட் எழுத ஸ்க்ராப் பிரின்சஸ் என்ற புனைபெயர் கொண்டவர் படம் வரைந்து 2015இல் வெளிவந்த ‘ஃபயர் ஆன் த வெல்வட் ஹொரைசன்’ ஓர் எண்கூட இல்லாத தொகுப்பு. எண்கள் நிரம்பிய பல நூல்கள் தூசி படிந்து கிடக்க, இந்த நூலை ரசிகர்கள் இன்றும் தேடி வாசிக்கிறார்கள். தோற்றத்தின் புதுமையும் நெடுநாள் நிற்பதில்லை. கைகாக்ஸின் மேசையில் சிறுவர்க்கான மலிவு விலைப் பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்து உருவானவை என அறியப்படும் பூதங்களுள் ஆந்தைத்தலைக் கரடியும் துருப்பூதமும் அடங்கும். முன்னது வரும், கடிக்கும், சாகும். தோற்றத்தைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. பின்னதோ மனிதரின் தசையைச் சீண்டாமல் இரும்பை மட்டும் துருவாக்கித் தின்பதால், எந்த அரக்கனுக்கும் அஞ்சாத கவசவீரன் அதைக் கண்டதும் வாளை எறிந்துவிட்டு ஓட, கோலொன்றைத் தவிர ஏதுமில்லாத மந்திரவாதி முன்வரிசைக்கு வந்துவிடுகிறான். உணவுப் பழக்கம் ஒன்றே மேசையிலுள்ள அத்தனை பேரின் நடத்தையையும் மாற்றிவிடுகிறது. பூதத்துக்கு ஓர் அன்றாடம், ஒரு தேவை, ஒரு வேலை இருக்கிறதா என்பதே தொகுப்பின் தரத்தை அளக்கும் முதல் அளவுகோல் என்பதற்கு இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே போதும்.

இந்த அளவுகோலைத் தமிழ் வாசகர் வெளியில் தேட வேண்டியதில்லை. முதற் குலோத்துங்கனின் கலிங்கப் போரைப் பாட வந்த சயங்கொண்டார், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய கலிங்கத்துப்பரணியில் காளியின் பேய்களுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கி, அவற்றின் ஒட்டிய வயிற்றையும் ஓயாத பசியையும் வருணித்தபின், உடற்குறையுள்ள பேய்களைத் தனித்தனியே நிறுத்திக் காட்டுகிறார். அவற்றுள் ஒன்று நொண்டி. முந்தைய போர்க்களமொன்றில் அரசர்களின் தலைகள் சிதறிய மூளைச் சேற்றில் வழுக்கி விழுந்ததால் அதன் கால் முடமாயிற்று. இன்னொன்றுக்கு ஒரு கண் இல்லை. முன்னொரு போர்க்களத்தில் குருதியும் குடரும் கலந்து சமைத்த கூழ் சூடாகத் தெறித்து அந்தக் கண் போயிற்று. ஒரே செய்யுளில் அப்பேயின் உணவும் தொழிலில் நேர்ந்த விபத்தும் பழைய போரின் நினைவும் வந்துவிடுகின்றன. பக்கக்கணக்கில் வரலாறு எழுதியும் ஒரு பூதத்தை எழுந்து நடக்க வைக்க இயலாத இன்றைய தொகுப்பாளர் பலர் இந்தச் சிக்கனத்தைப் பயின்றால் நன்று. கூழ்ப்பானையருகே குந்தியிருக்கும் ஒற்றைக்கண் பேயை நடத்துநர் மேசைக்குக் கொண்டுவந்தால், விளையாடுவோர் அதனோடு பேசுவார்கள், அதற்கு நல்லதோர் அகப்பை தேடித் தருவதாகப் பேரம் பேசுவார்கள், ஒருவேளை அந்தக் கூழையே கவிழ்த்துவிட்டு ஓடுவார்கள். வெட்டிச் சாய்ப்பது பல வழிகளில் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

இலங்கையின் தென்கரையில் நோய் தீர்க்க நிகழ்த்தப்படும் தொவில் சடங்கு, பேரம் பேசும் இந்தப் பண்பைக் கலையாகவே வளர்த்தெடுத்திருக்கிறது. அதில் முகமூடி அணிந்து வரும் 18 சன்னி யக்குகள் என்னும் பேய்கள் ஒவ்வொன்றும் ஒரு நோய்க்கு உரியது: கண சன்னிய பார்வையைக் கெடுப்பது, கொர சன்னிய உடலை முடக்குவது, அதன் முகமூடியும் ஒருபக்கம் இழுத்துக் கோணியிருப்பது. இவற்றுக்குத் தலைமை தாங்கும் கோல சன்னிய, பொய்ப்பழி சுமத்தி அரசன் கொல்வித்த கருவுற்ற அரசியின் மகனாகப் பிறந்து, தந்தையின் நகரைப் பழிவாங்க நோய்களைப் படைத்தவன் என்பது கதை. சடங்கில் யக்கு ஆவேசத்தோடு பாய்ந்து வந்தாலும், மேளக்காரர் அதனை நிறுத்தி, யார், எங்கிருந்து வருகிறாய், எதற்கு வந்தாய் எனக் கேள்வி கேட்கத் தொடங்கியதும், அது தடுமாறி, அசட்டுப் பதில் சொல்லி, கூடியிருப்போரின் சிரிப்புக்கு ஆளாகி, கடைசியில் படையலைப் பெற்றுக்கொண்டு நோயாளியை விட்டுவிடுவதாக வாக்களித்து அகல்கிறது. அச்சம் நகைப்பாக மாறும் இந்த இடத்தை ஒரு பாத்திர விளையாட்டு நடத்துநர் பார்த்தால், அவருக்கு அங்கே கற்க வேண்டியது நிறைய உண்டு. இடுகாட்டு யக்கான மகாசோனாவும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. கோட்டயிம்பரன் என்ற வீரனோடு பொருது தலையிழந்த உடலுக்கு, சனிபகவான் அவசரத்தில் அகப்பட்ட கரடித் தலையை முன்பின்னாக மாற்றிப் பொருத்தியதால் உண்டான அது, இரவில் தனித்து வருபவரின் முதுகில் அறைந்து கைத்தடத்தைப் பதித்துவிடும் என்பர். முதுகிலுள்ள ஐந்து விரல் தடம், பூதம் கண்ணில் படுவதற்கு முன்பே ஒரு முழு மாலை விளையாட்டை ஓட்டப் போதுமான துப்பு.

இத்தகைய தொகுப்பொன்றை இன்று புதிதாகச் செய்ய முனைபவருக்கு, புத்தளம் மாவட்டத்தின் முந்தல் கரையைவிடப் பொருத்தமான நிலம் எளிதில் வாய்க்காது. ஆழமற்ற உவர்நீர்க் களப்பு, அதனை வடக்கே புத்தளம் களப்போடும் தெற்கே சிலாபத்தோடும் இணைக்கும் ஒல்லாந்தர் கால்வாய், கரைவலை இழுக்கும் உடப்பு, அங்கே தீமிதிப்புக்குப் பேர்பெற்ற திரௌபதை அம்மன் கோயில், கற்பிட்டித் தீபகற்பத்தில் புனித அன்னம்மாளின் தலவில் திருத்தலம், கரை நெடுகப் பள்ளிவாசல்களும் விகாரைகளும் என இந்துக்கள், முஸ்லிம்கள், கத்தோலிக்கர், பௌத்தர் ஆகிய நான்கு சமயத்தாரும் கொழும்பு–புத்தளம் வீதியை ஒட்டி அடுத்தடுத்து வாழும் பகுதி இது. இரவில் சதுப்பின்மேல் மினுங்கும் ஒளியைக் கொள்ளிவாய்ப் பேய் என்று ஒரு வீடும், ஜின் என்று அடுத்த வீடும், யக்கு என்று மூன்றாவது வீடும் சொல்லுமாயின், தொகுப்பாளர் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றைத் தள்ளிவிடக் கூடாது. திருநீறு, ஓதிய நீர், நேர்த்திக்கடன், பிரித் நூல் என்ற நான்கு பரிகாரங்களையும் ஒரே பதிவில் வைத்து, எது பலிக்கும் என்பதை மேசையிலுள்ளவர்களே பட்டறிய விட்டுவிட வேண்டும். அரிய கடற்பசு மேயும் கடலோரம் என்பதால் நீர்மகளிர் கதைக்கும் இங்கே பஞ்சமில்லை என்றாலும், நீர்மகளிர் எல்லாத் தொகுப்பிலும் அலுக்குமளவுக்கு வந்துவிட்டதால் அவர்களைத் தவிர்ப்பதே மேல்.

பழைய கதைகளைத் தொகுப்பது பாதி வேலைதான். இந்தக் கரைக்கே உரிய புதுப் பூதம் ஒன்றாவது வேண்டும். 1980களிலிருந்து இப்பகுதியில் கண்டல் காடுகளை அழித்துப் பரவிய இறால் பண்ணைகள் பல, பின்னாளில் வெண்புள்ளி நோய் தாக்கிக் கைவிடப்பட்டன. ஒரு பண்ணை கழிவுநீரை விடுவதும் அடுத்த பண்ணை நீரை எடுப்பதும் ஒரே கால்வாயிலும் களப்பிலும் நடந்ததால், நோய் குளத்துக்குக் குளம் தாவியது. சன்னி மரபை அறிந்த தொகுப்பாளர் இதைப் பத்தொன்பதாவது சன்னியாக எழுதலாம்: மதகு திறக்கும் ஓசைக்காகக் காத்திருப்பது, ஒரு குளத்தின் நீர் மற்றொன்றில் கலக்காதவரை நகர இயலாதது, வெட்டிய கண்டல் மரங்களின் கணக்கைக் கேட்பது. அதனை வாளால் கொல்ல வழியில்லை; அயல் பண்ணைக்காரர் இருவரை மதகை மூடச் சம்மதிக்க வைப்பதுதான் போர்.

மேலை நாட்டுத் தொகுப்புகள் நம் பக்கத்துப் பூதங்களைக் கையாண்ட விதம் சரிபாதி வேடிக்கை. 1977 நூலில் வரும் இராட்சதன் புலித்தலையோடு, கையில் புகைக்குழாயோடு காட்சி தருபவன். மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டாலே அவன் வீழ்வான் என்ற விதி, 1974இல் ஒளிபரப்பான அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரொன்றின் அத்தியாயத்திலிருந்து வந்தது. இராவணனின் தீவில் வாசிப்பவருக்கு இது அந்நியமாகவே தோன்றும். ஆயினும் பதிவு என்ற அளவில் அது மோசமானதன்று: பாதிக்கப்படப்போகிறவர் நம்பும் ஒருவரின் உருவில் அவன் வருகிறான், ஆதலால் மேசையிலுள்ள ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவரை ஐயுறத் தொடங்குகிறார்கள். 1980இல் வந்த ‘டெய்ட்டீஸ் அன்ட் டெமிகாட்ஸ்’ நூலோ இன்னும் ஒருபடி மேலே போய், இந்திரன், காளி முதலிய தெய்வங்களுக்கும் உயிர்ப்புள்ளி குறித்துவிட்டது. வணங்கப்படும் தெய்வத்தை இத்தனை அடியில் வீழும் என்று எழுதுவது, பக்தியை விட்டுவிட்டுப் பார்த்தாலும், விளையாட்டுக்கே கேடு. எண் வந்ததும் தெய்வம் வெறும் பெரிய அரக்கனாகிவிடுகிறது. தமிழரும் சிங்களவரும் ஒருசேர நேர்த்தி வைக்கும் முன்னேஸ்வரத்துப் பத்திரகாளி இந்தக் கரையின் தொகுப்பில் இடம்பெறுவாராயின், பரணியில் இருப்பதுபோலவே இருக்கலாம்: அரியணையில் அமர்ந்து, பேய்களின் பசி முறையீட்டைக் கேட்டு, எந்தக் களத்தில் கூழ் கிடைக்கும் என்று அவற்றை அனுப்பிவைக்கும் தலைவியாக. எண்களெல்லாம் கூழ் சமைக்கும் பேய்களுக்கு மட்டும்.