செகண்ட் லைஃபின் துணி அலமாரி

லிண்டன் லேப் நிறுவனம் 2003-இல் திறந்த கணிப்பொறி உலகம் செகண்ட் லைஃப். அதில் நமக்குப் பதிலாக உலவும் உருவமே அவதார். சட்டை, செருப்பு, தலைமுடி எல்லாம் அதற்குத் தனித்தனியே வாங்கவேண்டும். வாங்கியதை எப்படி அடுக்குவது?

ஒரு சட்டையைப் பத்து உடைத்தொகுப்புகளில் வைக்க விரும்புகிறீர்கள். விற்றவர் நகலெடுக்க இசையவில்லையெனில், இருப்பதோ ஒன்றுதான்! நூலகத்தில் ஒரே புத்தகத்துக்கு ஆசிரியர் பெயரில் ஓர் அட்டை, பொருள் தலைப்பில் ஓர் அட்டை என்று வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த உத்தியையே 2010-இல் இங்கும் கொண்டுவந்தார்கள். தொகுப்பில் இருப்பது சட்டையன்று. அதன் இருப்பிடத்தைச் சுட்டும் இணைப்பு. அருமையான ஏற்பாடு. (மூலச் சட்டையை அழித்துவிட்டால் பத்து இணைப்புகளும் பாழ்.)

என் குறை வேறு. 'உடை' என்னும் வகை, உடல்மேல் வண்ணம் பூசினாற்போல் படியும் பழைய துணிகளுக்கே உரியது. 2011-இல் வந்த மெஷ் சட்டையோ, மடிப்பும் கனமும் உடையதாயினும், நாற்காலியைப் போலப் 'பொருள்' என்றே பதிவாகிறது. உடைகளை மட்டும் காட்டு என்றால் அது வராது! கணிப்பொறியின் வசதிக்கான பகுப்பை உடுத்துபவர் தலையில் கட்டலாமா? பிறகு பெயரைக் கொண்டுதான் தேடவேண்டும். அந்தப் பெயரும் விற்றவர் இட்டது. மாற்ற அவர் இசைவு தராத உடையானால், காசு கொடுத்த நீங்கள் அதைத் திருத்தவும் முடியாது.