மேடும் பள்ளமும்

1893-ஆம் ஆண்டில் ஸான் பிரான்ஸிஸ்கோ நாணயச்சாலை அடித்து வெளியிட்ட மார்கன் வெள்ளி டாலரின் தலைப்பக்கத்தில், சுதந்திர தேவியின் நெற்றிப் பட்டத்தில் பொறித்திருக்கும் 'லிபர்ட்டி' என்னும் சொல்லின் ஈற்றயல் எழுத்தாகிய 'டி'யின் மேற்கட்டைக்குள்ளே, பூதக்கண்ணாடியின் துணையில்லாமல் புலப்படாத சின்னஞ்சிறு கோடு ஒன்று சாய்வாக மேடிட்டு நிற்கிறது. அழகுக்காக யாரும் அதைச் செதுக்கவில்லை. அச்சில் விழுந்த ஒரு கீறல் காசில் மேடாகப் பிறந்துவிட்டது, அவ்வளவே. அந்த ஆண்டு அங்கே அடித்தவை ஒரு லக்ஷம் காசுகள். அத்தனைக்கும் தலைப்பக்கத்து அச்சு ஒன்றே ஒன்று. ஆகவே அந்த லக்ஷத்தில் இன்று எஞ்சியிருக்கும் காசு பெட்டகத்தில் உறங்கியதானாலும் சரி, சந்தைகளில் புரண்டதானாலும் சரி, தேய்மானம் அந்த எழுத்தை அழித்துவிடாத வரையில் அந்தக் கோட்டைச் சுமந்துகொண்டே இருக்கும். நாணயம் பார்ப்பதை ஒரு கலையாக நான் நேசிக்கத் தொடங்கியது இந்தக் கோட்டிலிருந்துதான்.

ஜார்ஜ் மார்கன் என்னும் சிற்பி வடித்த இந்த டாலர் 1878 முதல் 1904 வரையிலும், பிறகு மறுபடி 1921-லும் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது. பிலடெல்பியாவில் ஆசிரியையாக இருந்த அன்னா வில்லியம்ஸ் என்ற பெண்மணியின் முகத்தை மாதிரியாகக் கொண்டு அவர் வடித்த அந்தத் தலையைப் போல் பரிச்சயமான முகம் அமெரிக்க நாணயங்களில் குறைவு. அத்தனை கோடியில் புழக்கத்துக்கென்று அடித்தவற்றுள் 1893-ஆம் ஆண்டு ஸான் பிரான்ஸிஸ்கோக் காசு மகா அபூர்வம் என்பதனால், தேய்ந்து முகம் மழுங்கிய நிலையிலும் அது ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோகிறது. விலை உயர்ந்த இடத்தில் போலி முளைப்பது உலக இயல்பு. அதே ஆண்டில் பிலடெல்பியா அடித்த, அவ்வளவு அபூர்வமில்லாத காசை எடுத்து, பூப்பக்கத்தில் கழுகின் கீழே 'எஸ்' என்ற நாணயச்சாலைக் குறியை ஒட்டி விற்பது ஒரு தலைமுறைப் போலிகளின் வித்தை. தலைப்பக்கத்தின் அச்சு வேறு என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. 'டி'யின் கோடு இல்லாத காசில் எத்தனை நேர்த்தியாக 'எஸ்' ஒட்டியிருந்தாலும் அது வீண் வேலை.

பிறகு வந்த தலைமுறை காசோடு நிற்காமல், காசுக்குச் சாக்ஷி சொல்லும் பேழையையே போலியாகச் செய்யத் துணிந்தது.

அந்தப் பேழையின் வரலாறு நீண்டதல்ல. வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-இல், பழைய அமெரிக்கச் செப்புச் சென்டுகளின் விலையை நிர்ணயிப்பதற்காக, 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். செம்புக்காக வகுத்த அந்த அளவுகோல் நாளடைவில் வெள்ளிக்கும் பொன்னுக்கும் பரவியது. ஆனால் ஒருவர் 65 என்று சொல்லும் காசை மற்றொருவர் 63 என்று சொல்வதும், விற்கும்போது 65-ஆக இருந்தது வாங்கும்போது 60-ஆகச் சுருங்குவதும் ஓயாத வழக்காக இருந்தன. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1986-இல் பி.சி.ஜி.எஸ். என்ற ஸ்தாபனமும், அடுத்த ஆண்டில் என்.ஜி.சி. என்ற ஸ்தாபனமும், விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் பொதுவான மத்தியஸ்தர்களாக அமர்ந்து, காசைப் பரிசோதித்துத் தரம் சொல்லி, அந்தத் தரத்தை ஒரு சீட்டில் அச்சிட்டு, சீட்டையும் காசையும் ஒரே பேழையில் வைத்து மூடித் தரத் தொடங்கின. சேகரிப்பாளர்கள் இதை 'ஸ்லாப்' என்கிறார்கள். கண்ணாடிபோல் தெளிந்த இரண்டு பிளாஸ்டிக் தகடுகளை, செவிக்கு எட்டாத ஒலியின் அதிர்வினால் விளிம்பில் உருக்கி ஒன்றாக்கிவிடுகிறபடியால், உடைத்தாலன்றி அதைத் திறக்க வழியில்லை. சங்கப் புலவர்களில் வடமவண்ணக்கன் தாமோதரனார், வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் என்று சிலர் பெயரோடு வண்ணக்கன் என்ற சொல் ஒட்டியிருப்பதை நாம் அறிவோம். நாணயம் நோட்டம் பார்ப்பவன் என்பது அதன் பொருள். அந்த வண்ணக்கனின் தீர்ப்பை ஒரு பேழைக்குள் அடைத்துக் கடல் கடந்தும் அனுப்பலாம் என்று கண்டுபிடித்தது உண்மையிலேயே பெரிய காரியம்.

ஆனால் அந்தப் பேழை ஒன்றைக் கொடுத்து வேறு சிலவற்றை எடுத்துக்கொண்டது. மெய்யான மார்கன் டாலரின் எடை 26.73 கிராம், பத்தில் ஒன்பது பங்கு வெள்ளியாகிய அதன் ஒப்படர்த்தி சுமார் 10.34, தராசும் ஒரு கிண்ணம் தண்ணீரும் இருந்தால் முக்கால்வாசிப் போலிகளின் குட்டு அரைமணியில் வெளிப்பட்டுவிடும். பேழைக்குள் போன காசைத் தனியே நிறுக்க முடியாது, தண்ணீரில் தொங்கவிட முடியாது, சுண்டி நாதம் கேட்க முடியாது, விளிம்பின் வரிகளை நகத்தால் வருட முடியாது. அதையும் கணினித் திரையில் விலைக்கு வைத்திருக்கும்போது, பேழையைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்க்கும் பாக்கியமும் போய், யாரோ எடுத்த இரண்டு நிழற்படங்கள் மட்டுமே மிஞ்சுகின்றன. மற்றப் புலன்களெல்லாம் வாசலில் நிறுத்தப்பட்டு, கண் ஒன்று தனியாக உள்ளே போகிறது. ஆகையால் அந்தக் கண்ணுக்குப் பயிற்சி அதிகமாகவே வேண்டியிருக்கிறது.

முதலில் பேழையைப் படிக்க வேண்டும். நல்ல பேழையின் இணைப்பு, சுற்றிலும் ஒரே அகலமாக, குமிழோ வெண்மையோ இன்றி ஓடும். விளிம்பில் ஓரிடம் வெளுத்து, கீறி, நெம்பியதுபோல் இருந்தால், மெய்ப் பேழையையே பிளந்து உள்ளிருந்த காசை மாற்றிவிட்டார்கள் என்று ஐயுற இடமுண்டு. சீட்டின் எழுத்துக்களில் தடிப்பும் இடைவெளியும் ஒருசீராக இருக்கின்றனவா, பின்புறத்து ஹோலோகிராம் ஒளிக்கேற்ப நிறம் மாறி உயிரோடு விளங்குகிறதா, அல்லது வெறும் வெள்ளித்தாள்போல் மினுங்குகிறதா என்பதையெல்லாம், அதே ஸ்தாபனத்தின் ஐயமற்ற பேழை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும். மலிவான மெய்ப் பேழை ஒன்றை இதற்காகவே வாங்கி மேஜைமேல் வைத்துக்கொள்வது நான் கண்ட நல்ல வழி.

இதில் எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றுவது காலப் பொருத்தம் பார்ப்பது. ஒரு செப்பேடு தன்னைச் சோழ மன்னனுடையது என்று சொல்லிக்கொண்டாலும் அதன் எழுத்தமைதி முந்நூறு ஆண்டு பிந்தியதாக இருந்தால் ஆராய்ச்சியாளர் அதைப் பிற்காலத்ததென்று ஒதுக்கிவிடுகிறார் அல்லவா? பேழைக்கும் அப்படி எழுத்தமைதி உண்டு. பி.சி.ஜி.எஸ்.ஸின் ஆதிப் பேழைகள் சிறியவை. காசு உள்ளே சற்றே ஆடிச் சத்தமிடுவதால் 'ராட்லர்' என்று செல்லப்பெயர் பெற்றவை. 1990-களில் வந்தவற்றில் வெளிர் பச்சைச் சீட்டு இருக்கும். தரத்தின் எண்ணுக்குப் பின்னால் கூட்டல் குறியிட்டு, அதே தரத்துக்குள் மேலானது என்று காட்டும் சம்பிரதாயமோ 2010-இல்தான் பிறந்தது. எனவே பழைய பச்சைச் சீட்டில் கூட்டல் குறி கண்டால் மேற்கொண்டு பூதக்கண்ணாடியை எடுக்கவே வேண்டாம்.

அடுத்தது சீட்டின் மேலுள்ள எண். ஒவ்வொரு காசுக்கும் ஸ்தாபனம் தனி எண் கொடுத்துப் பதிவேட்டில் குறித்து வைக்கிறது. அதைத் தட்டிப் பார்த்தால் ஆண்டும் நாணயச்சாலையும் தரமும் வந்து நிற்கும். இந்த இடத்தில் பெரும்பாலோர் திருப்தியடைந்து பணத்தை எடுத்துவிடுகிறார்கள், ஏமாறுவதும் இங்கேதான். ஏலங்களில் வெளிவந்த படங்களிலிருந்து மெய்யான எண்ணைப் பார்த்தெழுதிக்கொள்வது போலி செய்பவனுக்கு ஒரு நிமிஷ வேலை. எண் மெய், சீட்டின் வாசகம் மெய், உள்ளிருக்கும் காசு மட்டும் பொய். ஆகையால் பதிவேட்டில் அந்த எண்ணோடு சேர்த்து வைத்திருக்கும் படத்தைத் தேடவேண்டும். எல்லாக் காசுக்கும் படம் இருப்பதில்லை. இருந்துவிட்டால் அதைப் போன்ற பிரமாணம் வேறில்லை. 2020 முதல் பி.சி.ஜி.எஸ். தன் பேழைகளில் வைக்கத் தொடங்கிய சில்லும் நல்ல காவல்தான். கைபேசியை அருகில் கொண்டுபோனால் அது பதில் சொல்லும். ஆனால் அதற்குப் பேழை கையில் இருக்க வேண்டும். படத்தினிடம் கைபேசியைக் காட்டிப் பயனில்லை.

இரண்டு படங்களை அருகருகே வைத்து ஒப்பிடத் தொடங்கும்போதுதான் இந்தக் கலையின் கர்ப்பக்கிருகத்துக்குள் நுழைகிறோம். காசின் முகத்தில் காணும் குறிகள் இரண்டு ஜாதி. அச்சில் ஏற்பட்ட கீறல், பிளவு, சிதைவு எல்லாம் காசில் மேடாக எழும். அவை பிறவிக் குறிகள், அந்த நிலையிலிருந்த அச்சு ஈன்ற உடன்பிறப்புகள் அனைத்துக்கும் பொதுவானவை. பிறந்த பிறகு சாக்கில் மற்றக் காசுகளோடு உருண்டு மோதி வாங்கிய அடிகள் பள்ளமாக விழும். அவை வாழ்க்கைத் தழும்புகள், அந்த ஒரு காசுக்கே உரியவை, உலகத்தில் வேறெந்தக் காசிலும் அதே இடத்தில் அதே வடிவில் இருக்க முடியாதவை. மேடு குலத்தைச் சொல்கிறது. பள்ளம் ஆளைச் சொல்கிறது. பேழையில் இருப்பது பதிவேட்டில் உள்ள அதே காசுதானா என்று அறிய, தேவியின் கன்னத்திலும் அவள் முகத்துக்கு எதிரேயுள்ள வெற்றுத் தளத்திலும் உள்ள பள்ளங்களை, பிறந்த மேனியில் மச்சம் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தால் போதும்.

போலி செய்பவன் தடுமாறும் இடமும் இதுவே. மெய்யான காசு ஒன்றை மாதிரியாகக் கொண்டு அவன் அச்செடுக்கும்போது, 'டி'யின் கோடு முதலிய பிறவிக் குறிகள் அவனுக்கும் வந்துவிடுகின்றன. ஆகவே கோடு இருப்பதனாலேயே காசு மெய்யாகிவிடாது. ஆனால் மாதிரிக் காசின் மேலிருந்த தழும்புகளும் அச்சில் ஏறி, அவன் அடிக்கும் ஒவ்வொரு பிரதியிலும் அதே இடத்தில் அதே பள்ளமாக இறங்குகின்றன. வாழ்க்கைத் தழும்பு பிறவிக் குறியாக மாறிப்போகிறது. சில ஆண்டுகளுக்கு முன் 1870-களின் வர்த்தக டாலர் ஒன்றைத் திரையில் கண்டு, வாங்கலாமா என்று மனம் ஊசலாடி, படத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். பஞ்சுப் பொதிகளின் மேல் அமர்ந்து கடலை நோக்கிக் கிளையை நீட்டும் தேவியின் முன்கையில் பிறைபோல் ஒரு பள்ளம் இருந்தது. நாலைந்து மாதம் கழித்து, வேறொரு விற்பனையாளர், வேறோர் எண் கொண்ட பேழையில், வேறோர் ஆண்டின் வர்த்தக டாலரை வைத்திருந்தார். எண்கள் இரண்டும் பதிவேட்டில் இருந்தன. சீட்டுக்களில் ஒரு குற்றமும் எனக்குத் தென்படவில்லை. ஆனால் அந்தத் தேவியின் முன்கையிலும் அதே பிறை. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பார்த்துக்கொண்டிருந்த அந்த இரவில் உண்டான வியப்பு, நஷ்டத்திலிருந்து தப்பினோம் என்ற நிம்மதியைக் காட்டிலும் பெரிதாக இருந்தது.

ஒளியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அச்சின் அழுத்தத்தில் வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பாயும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகள் உண்டாகின்றன. புழங்காத காசை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்தால், அந்த வரிகளின்மேல் ஒளி வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள்போல் சுழன்று ஓடும். வார்ப்படப் போலியில் இந்தச் சக்கரம் சுழல்வதில்லை. ஒளி சேறுபோல் தேங்கி நிற்கும். நிலைத்த படத்தில் இதைக் காண முடியாதாகையால், விற்பவரிடம் காசைச் சாய்த்துக் காட்டும் ஒரு சிறு வீடியோ கேட்பது என் வழக்கம். தர மறுக்கும் இடத்தில் நான் வாங்குவதில்லை.

மேலே சொன்ன வர்த்தக டாலருக்குத் தனிச் சரித்திரம் உண்டு. சீன வாணிபத்துக்கென்றே அமெரிக்கா 1873 முதல் 1878 வரை அதைப் புழக்கத்துக்கு அடித்தது. '420 கிரெய்ன், 900 மாற்று' என்று தன் எடையையும் தூய்மையையும் தன் முதுகிலேயே எழுதிக்கொண்டு போன காசு அது. அந்த வாசகத்தைச் சீன வணிகர்கள் அப்படியே நம்பிவிடவில்லை. துறைமுகங்களில் ஷ்ராப் என்று பெயர் பெற்ற சோதகர்கள் (நம் ஊர்ச் சராப்பு என்ற சொல்லுக்கு உறவுதான்) காசைச் சோதித்துப் பார்க்க, ஏற்றுக்கொண்ட கடைக்காரர் தம் முத்திரையை உளியால் அதன்மேல் அடித்துக் கொடுப்பார். கைமாறிய இடமெல்லாம் முத்திரை பெற்று, அம்மைத் தழும்பேறிய முகம்போல் திரும்பி வந்த காசுகள் உண்டு. அவற்றைச் சிதைந்தவை என்று வெகுகாலம் ஒதுக்கிய சேகரிப்பாளர்கள் இப்போது தேடி வாங்குகிறார்கள். தரம் சொல்லும் ஸ்தாபனங்களும் முத்திரையைச் சீட்டில் குறிப்பிட்டே பேழையிடுகின்றன. கையால் அடித்த முத்திரை என்பதால், ஒன்றன் ஆழமும் சாய்வும் மற்றொன்றுக்கு வருவதில்லை.

பிறையேறிய போலியைக் கண்ட பிறகு நான் வாங்கிய வர்த்தக டாலர் அத்தகையதே. தேவியின் முழங்காலுக்குக் கீழே ஒரு முத்திரை. அதற்கு நேர் பின்னால், கழுகின் சிறகில், உளியின் அடியைத் தாங்கி லேசாகத் தட்டையான ஓர் இடம். பதிவேட்டின் படத்திலும் விற்றவரின் படத்திலும் முத்திரையின் இடது கால் சற்றே ஆழமாகவும் வலது கால் மேலோட்டமாகவும் விழுந்திருந்தன. பேழை வந்து சேர்ந்த அன்று மாலை ஜன்னலருகே கொண்டுபோய் அதைச் சாய்த்தேன். முதலில் இடது காலில் நிழல் நிறைந்தது, இன்னும் கொஞ்சம் சாய்த்த பிறகுதான் வலது காலிலும்.