தீர்ப்பு சரி, காரணம் போதாது

1939 டிசம்பரில் எட்வர்ட்ஸ் என்பவர் கலிஃபோர்னியாவின் மேரிஸ்வில்லிலிருந்து டெக்சாஸ் வரை கார் ஓட்டிப் போய், வேலையில்லாத தன் மைத்துனரைக் கூட்டிவந்தார். புறப்படும்போது மைத்துனரிடம் ஏறக்குறைய 20 டாலர் இருந்தது; வந்து சேர்ந்தபோது கையில் ஒன்றுமில்லை. வெளிமாநிலத்து ஏழையை, ஏழை என்று தெரிந்தே அழைத்துவருவது அன்று கலிஃபோர்னியாவில் குற்றம். ஆறு மாதச் சிறை விதித்து, தண்டனையை நிறுத்திவைத்தார்கள். சொந்த உறவுக்குக் கைகொடுத்ததற்கு இந்தத் தண்டனை!

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1941 நவம்பரில் அந்தச் சட்டப்பிரிவு செல்லாது என்றது. முடிவில் ஒருமித்த நீதிபதிகள் காரணத்தில் பிரிந்தார்கள். எடைபோட வேண்டியது அந்தப் பிளவைத்தான்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய பைர்ன்ஸ், ஆட்கள் மாநில எல்லையைக் கடப்பதும் வணிகமே, அதை மாநிலம் தடுக்க முடியாது என்றார். புழுதிப்புயலுக்கும் பஞ்சத்துக்கும் தப்பி வந்தவர்களால் கலிஃபோர்னியாவுக்கு நேர்ந்த நெருக்கடியை அவர் மறுக்கவில்லை. ஆனால் நாட்டுக்கே பொதுவான துன்பத்திலிருந்து ஒரு மாநிலம் மட்டும் கதவடைத்துத் தப்ப முடியாது என்றார். ஏழைகளைக் கொள்ளைநோய்போலக் கருதிய 1837ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பார்வையையும் தள்ளிவிட்டார். இது பெரிய காரியம்.

நீதிபதி டக்ளஸுக்கு இது போதவில்லை. மனிதரின் நடமாட்டத்துக்கு மாடு, பழம், எஃகு ஆகியவற்றைவிட உயர்ந்த பாதுகாப்பு வேண்டும், அது குடியுரிமையிலிருந்தே வரவேண்டும் என்றார். பிளாக்கும் மர்பியும் உடன்பட்டார்கள். ஜாக்சன் தனியே எழுதினாலும் அவரும் நின்றது குடியுரிமையில்தான்.

இதில் ஒரு குறை உண்டு: குடியுரிமை குடிமக்களை மட்டுமே காக்கும், வணிக வாதம் குடிமகனல்லாதவருக்கும் உதவும். ஆயினும் என் தராசு டக்ளஸ் பக்கமே சாய்கிறது. வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துடையது. அது அனுமதித்தால் மாநிலம் மறுபடி கதவைச் சாத்தலாம். நாடாளுமன்றப் பெரும்பான்மை நினைத்தால் பறிபோகும் உரிமையை நம்பி எந்த ஏழை குடும்பத்தோடு ஊர்பெயர்வான்?

நாடாளுமன்றமே அனுமதித்தால் என்ன ஆகும் என்ற சோதனையும் கலிஃபோர்னியாவிலிருந்தே வந்தது. புதிதாகக் குடியேறியவர்களுக்கு முதல் ஓராண்டு, பழைய மாநிலத்தின் அளவுக்கு மேல் உதவித்தொகை கிடையாது என்றது மாநிலம். 1996இல் நாடாளுமன்றம் அதற்கு அனுமதியும் தந்திருந்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தம் தரும் குடியுரிமையை மீற நாடாளுமன்றமே மாநிலத்துக்கு அனுமதி தர முடியாது என்பதே காரணம். வணிக வாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் அந்த அனுமதியே கலிஃபோர்னியாவுக்குக் கவசமாகியிருக்கும்.